மாப்பிள்ளை ராம்ஸில் ஹெட்: கிங் வீதித் தவறணைகளுக்கு ஒரு நாள் பயணம்

கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிற பெண் ஒருத்தி சனிக்கிழமை காலையில் தலைக்கு முழுகிவிட்டுப் பியர்க்கடை பார்க்கப் புறப்படுவது வழக்கமில்லை. நான் புறப்பட்டேன். துணைக்கு என் அண்ணாவின் மனைவி விமலா மச்சாள் வந்தார். அது 1996 ஒக்ரோபர் தொடக்கம், புரட்டாதிச் சனி. மச்சாள் அன்று விரதம் வேறு, மீன் இறைச்சி படக்கூடாது.

ரொறன்ரோ டவுன்ரவுனில் உள்ள பழைய தவறணைகளை நடந்தே பார்க்க முடியுமா, எங்கே தொடங்குவது, பெண்கள் தனியாகப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வழி நாங்கள் அன்றைக்குப் போன வழிதான், அதையே எழுதுகிறேன். போன காரணத்தையும் சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு பெண்கள் ஏன் கடைக்குக் கடை நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தோம் என்பது உங்களுக்கு விளங்காது.

அப்போது நான் ஸ்காபரோவில், மோர்னிங்சைட்டில் அண்ணா வீட்டில் இருந்தேன். வேலை ஒரு ஃபூட் பாங்க் களஞ்சியத்தில். ஆட்கள் தானமாகக் கொடுக்கும் உணவு அடைத்த ரின்களைத் திகதி பார்த்து, சூப் வேறு பருப்பு வேறு என்று பிரித்து அடுக்குவேன். அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தார். அங்கே கோயிலில் அவருக்கு இன்னொரு அம்மாவோடு பழக்கம் ஏற்பட்டது. அந்த அம்மாவின் மகன் நேசன் ரொறன்ரோவில் தனியாக இருந்தார். இரண்டு அம்மாமாரும் பூசை முடிந்து வெளி வீதியில் நின்று கதைத்ததிலேயே சம்பந்தம் பாதி ஒப்பேறிவிட்டது. படங்கள் கைமாறின. தொலைபேசியில் அம்மா அண்ணாவுக்குச் சொன்ன விபரம் இதுதான்: பொடியன் டவுன்ரவுனில் கிங் வீதிப் பக்கம் வேலை, ராம்ஸில் ஹெட்.

அண்ணா விசாரிப்பதில் பொலிஸ்காரனுக்கு அண்ணன். ராம்ஸ் என்றால் ராமச்சந்திரனோ ராமநாதனோ யாரோ எங்கள் ஆள் நடத்துகிற கொம்பனி என்று முடிவெடுத்துக்கொண்டு, தொலைபேசிப் புத்தகத்தை முழுக்கப் புரட்டினார். கணக்காளர்களைக் கேட்டார், காப்புறுதி விற்கிறவர்களைக் கேட்டார். அப்படியொரு கொம்பனி கிங் வீதியில் மட்டுமல்ல, ஸ்காபரோவிலும் இல்லை. கடைசியில், தொடக்கமே பொய் என்றால் முடிவு எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்டு, ஞாயிறு இரவு அம்மாவுக்கு எடுத்து இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக அறிவித்தார். மாப்பிள்ளையிடமே நேரில் கேட்டால் என்ன என்றேன். பெண் வீட்டார் அப்படிக் கேட்பது மரியாதையில்லையாம்.

நான் நேசனோடு ஒரே ஒரு தடவை தொலைபேசியில் கதைத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. வேலை எப்படி என்று கேட்டதற்கு, வீட்டுக்கு வந்து இரண்டு தரம் முழுகினாலும் கையில் வெங்காயம் மணக்கும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்துப்போனது. பொய் சொல்லுகிறவன் தன் கையில் வெங்காயம் மணக்கிறதென்று சொல்லமாட்டான். இதை அண்ணாவிடம் சொன்னபோது, கொம்பனி ஹெட்டுக்கு என்ன வெங்காயம் என்று அதையும் ஒரு சந்தேகமாகச் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையிடத்தில் மோரீனிடம் கேட்டேன். மோரீன் அயர்லாந்தில் பிறந்து ரொறன்ரோவில் நரைத்தவள், என்னோடு ரின் அடுக்குகிறவள். ராம்ஸ் என்ற கொம்பனி தெரியுமா, என்னைப் பேசி வந்திருக்கிற ஒருவர் அங்கே ஹெட் என்றேன். திரும்பச் சொல்லு என்றாள். ராம்ஸ், ஹெட் என்றேன். அவள் மக்கரோனிச் சாக்குகளுக்கு மேலே இருந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ராம்ஸ் ஹெட் கொம்பனியல்ல, பப். ராம் என்றால் ஆட்டுக்கடா. கடைக்குப் பெயர் ஆட்டுக்கடாத் தலை.

பழைய ஆங்கிலப் பப்புகளுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்களாம். ஒரு காலத்தில் எழுத்து வாசிக்கத் தெரியாத குடிமக்களுக்காகப் பலகையில் ஒரு படம் கீறித் தொங்கவிட்டார்கள், படத்தின் பெயரே கடையின் பெயராகிவிட்டது. அந்தப் பழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்திருக்கிறது. இளமையில் கிங் வீதிப் பக்கம் ஒரு ஆட்டுத்தலையைப் பார்த்த ஞாபகம் மோரீனுக்கு இருந்தது, சரியான இடம் நினைவில்லை. தொலைபேசிப் புத்தகத்திலும் அகப்படாது என்றாள். அந்தக் காலத்துச் சட்டப்படி படுக்கை அறை உள்ள ஹோட்டலில்தான் பியர் விற்கலாம் என்பதால், பல பழைய கடைகள் இன்றும் வேறு ஏதோ ஹோட்டல் பெயரில்தான் பதிந்திருக்கும். பலகையைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான் ஒரே வழி. பார்லிமென்ட் வீதியில் தொடங்கி மேற்கே நட என்றாள்.

அண்ணாவிடம் குளிர் உடுப்பு வாங்கப் போகிறோம் என்றோம். உண்மையை மச்சாளுக்கு மட்டும் சொன்னேன்.

பாதை இதுதான். மோர்னிங்சைட்டில் ஒன்பதரைக்கு பஸ் எடுத்தோம். கட்டணம் ஆளுக்கு இரண்டு டொலர். அந்த வருடம்தான் இரண்டு டொலர் நாணயம் புதிதாக வந்திருந்தது, அதைப் பெட்டிக்குள் போட மச்சாளுக்கு மனமே வரவில்லை. கென்னடி ஸ்டேஷனில் சப்வே எடுத்து புரோட்வியூவில் இறங்கினோம். அங்கிருந்து கிங் ஸ்ட்ரீட்கார். கையில் ட்ரான்ஸ்பர் துண்டு இருந்தால் திரும்பக் காசு இல்லை. ஸ்ட்ரீட்காரில் வலப்பக்க யன்னலோரம் பிடியுங்கள். டொன் ஆற்றுப் பாலத்துக்கு வருமுன் டவுன்ரவுன் கட்டடங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பதினொரு மணிக்கு முதல் போய்ச் சேருவதில் பிரயோசனமில்லை, அதற்குப் பிறகுதான் இந்தக் கடைகளில் ஊற்றத் தொடங்குவார்கள்.

முதலாவது கடை பார்லிமென்ட் சந்திக்குக் கிட்ட, செங்கல் மூலைக் கட்டடம். பெயர் த்ரீ ஹோர்ஸ்ஷூஸ். பலகையில் மூன்று லாடம். மச்சாள் அந்தப் பெயருக்குக் கீழே இருந்த பெரிய ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்து முடிய அப்படியே நின்றுவிட்டார்.

"ரவேண். உது எங்கடை தவறணை அல்லோ?"

அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. நாங்கள் ஊரில் கள்ளுக்கடைக்குச் சொல்கிற சொல், பறங்கியர் எங்களிடம் விட்டுவிட்டுப் போன சொல், இங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் பொன் எழுத்தில் இருந்தது. மச்சாளின் முகம் கறுத்துவிட்டது. பொய்க்காரன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தவறணையில் வேலை செய்கிற மாப்பிள்ளை என்று உங்கடை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டார். முதலில் ஆளைக் கண்டுபிடிப்போம் என்றேன்.

உள்ளே சிகரெட் புகை, கறுத்த மரம், பித்தளைக் குழாய்கள். இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு கிளாசை முன்னால் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. நான் ஒரு கோப்பி எடுத்தேன், ஒரு டொலர் இருபத்தைந்து சதம். மச்சாள் பொரித்த உருளைக்கிழங்கு கேட்டார், உடனேயே மீன் பொரித்த எண்ணெயா என்றும் கேட்டார். அதே எண்ணெய்தான் என்று பரிமாறுகிறவள் பெருமையோடு சொன்னாள். மச்சாள் தண்ணீர் மட்டும் குடித்தார். சைவக்காரர்கள் கவனிக்க: பப்புகளில் சிப்ஸும் மீனும் பெரும்பாலும் ஒரே சட்டியில்தான் நீந்தும். கேட்காமல் சாப்பிடவேண்டாம்.

மேற்கே நடந்தோம். பார்லிமென்ட்டிலிருந்து யங் வீதி வரை ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் குறைவு, நல்ல சப்பாத்து இருந்தால் ஒரு சிரமமும் இல்லை. அடுத்த கடைக்கு டியூக்ஸ் பூட் என்று பெயர், பிரபுவின் சப்பாத்து. படத்தில் முழங்கால்வரை வரும் சப்பாத்து ஒன்று. அண்ணாவிடம் உடுப்பு வாங்கப் போகிறோம் என்று சொன்னதில் பாதி உண்மையாகிவிட்டது என்றேன். மச்சாள் சிரிக்கவில்லை. இந்தக் கடையின் கூரை தகரத்தில் பூவேலை செய்தது, அதற்காகவே உள்ளே ஒருதரம் எட்டிப் பார்க்கலாம்.

மூன்றாவது ஹாஃப் மூன் ஹோட்டல். பெயரைக் கண்டதும் மச்சாளுக்கு உயிர் வந்தது, எங்களூரில் ஹோட்டல் என்றால் சோறு. இங்கே அது மோரீன் சொன்ன பழைய சட்டத்தின் மிச்சம், சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கடைதான் பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள். பக்கவாட்டில் இன்னொரு வாசல், அதற்கு மேலே கண்ணாடியில் ‘லேடீஸ் அண்ட் எஸ்கோர்ட்ஸ்’ என்று எழுதியிருக்கும். ஒரு காலத்தில் இங்கே ஆண்கள் குடிக்க ஒரு அறை, பெண்களும் அவர்களோடு கூட வருகிற ஆண்களும் குடிக்க இன்னொரு அறை. எழுபதுகள் வரும்வரை அப்படித்தானாம். வெள்ளைக்காரன் எல்லாத்தையும் கலந்துதான் வைத்திருந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மச்சாள், எங்களூர்க் கோயிலில் போல ஆண் பக்கம் பெண் பக்கம் வைத்திருந்திருக்கிறான் என்று கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார். நாங்கள் அந்த வாசலால்தான் போய் அந்த வாசலால்தான் வந்தோம்.

ஆட்டுத்தலை மட்டும் இல்லை. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மச்சாளுக்குப் பசி, கால்நோ வேறு. வீட்டுக்குத் திரும்புவோம், இந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கா பஞ்சம் என்றார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஒரு தடவை மட்டும் கதைத்த ஒருவருக்காக நடுவீதியில் நின்று அழுவதா என்று என்மேலேயே கோபமும் வந்தது. சேர்ச் வீதி வரைக்கும், அதற்குமேல் கேட்கமாட்டேன் என்றேன்.

சேர்ச் வீதிக்குக் கிட்ட, கிங்கிலிருந்து தெற்கே இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அது இருந்தது. வாசலுக்கு மேலே இரும்புக் கம்பியில் மரத்தால் செதுக்கிய ஆட்டுக்கடாத் தலை, இரண்டு பக்கமும் முறுக்கிய கொம்பு. அதன் மூக்கிலே யாரோ சிவப்பு மை பூசியிருந்தார்கள். கீழே ராம்ஸ் ஹெட் ரவேண் என்று எழுதியிருந்தது. மச்சாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

உள்ளே போய் இருந்தோம். பரிமாற வந்த பெண் எங்கள் இரண்டு பேரின் நெற்றியையும் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே உள்ளே போய் யாரிடமோ உன்னுடைய ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னது கேட்டது. குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேசன் வந்தார். வெள்ளை ஏப்ரன், கையில் துவாய். படத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பார்த்த முகம். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார் என்பது துவாய் கீழே விழுந்ததில் தெரிந்தது.

மச்சாள்தான் கதையைத் தொடங்கினார். தம்பி, ஹெட் எண்டு சொன்னவை என்றார். நேசனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், அண்ணா தேடியதையும் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"நான் இஞ்சை குக். அம்மாவுக்கு ராம்ஸ் ஹெட்டிலை வேலை எண்டுதான் சொன்னனான். வேறை ஒண்டும் சொல்லேல்லை."

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை, தன்னை உயர்த்திச் சொல்லவும் இல்லை. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அவர் கதிரையை இழுத்து இருக்கவில்லை, நின்றபடியே என்னிடம் ஒன்று கேட்டார்.

"பொய்யைத் தேடி வந்தனீங்களோ, என்னைத் தேடி வந்தனீங்களோ?"

"பொய்யைத்தான். நீங்கள்தான் வந்து நிக்கிறியள்" என்றேன்.

அப்போது சிரித்தார், தொலைபேசியில் கேட்ட அதே சிரிப்பு. பிறகு மரியாதைக்கு ஒரு கேள்வி: "நீங்கள் எந்த பாங்க்? எந்தப் பிராஞ்ச்?"

மச்சாள் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எங்கள் அம்மா வெள்ளவத்தைக் கோயில் வீதியில் நின்று என்ன சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. தொலைபேசியில் நான் சொன்ன ஃபூட் பாங்கில் முதல் சொல் விழுந்துபோய், மகள் பாங்கில் வேலை. அண்ணா இரண்டு கிழமையாகத் தேடிய பொய்யின் இரட்டைப் பிள்ளை எங்கள் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறது.

"ஃபூட் பாங்க். பருப்பு ரின் அடுக்கிறன்."

நேசன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மச்சாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பசி தாங்காமல், இங்கே சிப்ஸ் எந்த எண்ணெய் என்று கேட்டார்.

நேசன் சொன்ன பதில்தான் என் கலியாணத்தை முடித்துவைத்தது. "அது மீன் எண்ணெய் அக்கா. இண்டைக்குப் புரட்டாதிச் சனி அல்லோ, பொறுங்கோ, வேறை சட்டியிலை செய்து தாறன்."

உருளைக்கிழங்கை மெல்லிசாக வெட்டி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கி, பாணோடு கொண்டுவந்தார். செத்தல் மிளகாய் அவருடைய சொந்தப் போத்தல், குசினி மூலையில் ஒளித்து வைத்திருந்ததாம். மச்சாள் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் வாங்கினார். விலைச்சிட்டையில் அது இல்லாததால் காசு வாங்கவில்லை. நீங்கள் போனால் கிடைக்காது, அங்கே கிடைப்பது சூப்பும் பாணும், அந்த நேரம் நான்கு டொலர் அளவில்.

ஸ்ட்ரீட்காரில் திரும்பி வரும்போது மச்சாள் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். தவறணையில் நின்று தனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் விரதத்தைக் காப்பாற்றுகிறவன், வீட்டில் காப்பாற்றமாட்டானா என்றார். ஞாயிறு பகல் முழுக்க அண்ணாவோடு கதைத்தது அவர்தான். ஆட்டுத்தலையை, ஏப்ரனை, சட்டியை எல்லாம் சொன்னார். அண்ணா கோபப்பட்டார், சத்தம் போட்டார், கடைசியில் பாங்க் விஷயத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டார். அன்றிரவு அம்மாவுக்கு எடுத்து, நேரில் போய்ப் பார்த்தாயிற்று, ராம்ஸ் ஹெட்டில்தான் வேலை, பொடியன் நல்லவன் என்றார். சொன்னதெல்லாம் உண்மை. அடுத்த வைகாசியில் கலியாணம் நடந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை பகல் நல்லது, பிந்தினால் விளையாட்டுப் பார்க்கிற கூட்டம் நிறைந்துவிடும். பெண்கள் தாராளமாகப் போகலாம், கோப்பி மட்டும் கேட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பரிமாறுகிறவளுக்கு மேசையில் சில்லறை வைக்க மறக்கவேண்டாம். பெயரைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு போகாதீர்கள், பலகையை நின்று முழுக்க வாசியுங்கள், படத்தையும் பாருங்கள். பார்லிமென்ட்டிலிருந்து சேர்ச் வரை ஆறுதலாக நடந்து, நான்கு கடையும் பார்த்து, இருந்து எழும்ப மூன்று மணித்தியாலம் போதும்.

ஒரு கடன் மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா 1999 இல் எங்கள் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து இறங்கியபோதும் மருமகன் ராம்ஸில் ஹெட் என்றுதான் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். எத்தனை நாளைக்கு மறைப்பது? ஒரு ஞாயிறு பகல் நானும் மச்சாளும் அவரை அதே ஸ்ட்ரீட்காரில், அதே ஒழுங்கைக்குக் கூட்டிப்போனோம். அம்மா பட்டுச்சேலையோடு ஆட்டுத்தலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு ரவேண் என்ற எழுத்தைப் பார்த்தார். உள்ளே வந்து இருந்தார்.

நேசன் புது ஏப்ரனோடு வந்து, பயந்து பயந்து, தன்னைப் போன மாதம்தான் இங்கே ஹெட் குக் ஆக்கியிருக்கிறார்கள் என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருமகன் சொன்னது சரிதானே, ராம்ஸிலை ஹெட்தானே. பாங்கிலை வேலை எண்டு என்னைக் கொண்டு சம்மந்தியிட்டைப் பொய் சொல்லுவிச்சது நீதான்."